அந்த 27,000 பவுண் உங்களுக்கான கணக்கு இல்லை

கேள்வி: வணக்கம் அக்கா. நான் 2022இல் இங்கிலாந்துக்கு வந்து அசைலம் (அகதிப் புகலிடம்) கேட்டேன். போன வருசம் மார்கழியில்தான் அகதி அந்தஸ்துத் தந்தார்கள். கெயர் ஹோம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஊரில் புள்ளிவிபரவியலில் சிறப்புப் பட்டம் எடுத்தேன்; பிறகு கொழும்பில் ஒரு பட்டப்பின் டிப்ளோமாவும் முடித்தேன். வாற தையில் பொதுச் சுகாதார முதுமாணி தொடங்க ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கட்டணம் 27,000 பவுண் என்று போட்டிருக்கிறார்கள். 14 நாளில் 3,000 முற்பணம் கட்ட வேண்டுமாம். விசாவோடு மூன்று வருசம் இருந்தால்தான் உள்ளூர்க் கட்டணம் என்று, விண்ணப்பித்துத் தந்த முகவர் சொல்கிறார். 20,000 பவுண் சீட்டொன்று பிடிக்கிறேன். இப்பவே எடுத்தால் 3,500 கழிவு போகும். எடுத்துக் கட்டட்டுமா? கணவரும் மகளும் இந்தச் சித்திரையில் குடும்ப இணைவு விசாவில் வந்தார்கள். மகள் புரட்டாதியில் ரிசெப்ஷன் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். கணவருக்கும் பிறகு படிக்க ஆசை. அரசின் உதவிப்பணம், யூனிவர்சல் கிரெடிற், கொஞ்சம் வருகிறது. தம்பியின் கேஸ் இன்னும் முடியவில்லை, அவனும் பட்டதாரிதான். இன்னொன்று, ஆடியில் திருச்சிக்குப் போய் அம்மாவோடு ஆறு கிழமை இருந்துவிட்டு வந்தேன். அதனால் ஏதும் பிழை வருமா?

பதில்: தங்கச்சி, சீட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். முற்பணமும் கட்டாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லக் காரணம், உங்களிடம் 14 நாள்தான் இருக்கிறது. மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

உங்கள் கடிதத்தில் கேள்வி என்று எழுதியிருப்பது 27,000 பவுணை எங்கே பிரட்டுவது என்பது. என்னிடம் வருகிறவர்களில் அரைவாசிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள்: கட்டணத்தைக் கடவுள் விதித்ததுபோல் எடுத்துக்கொண்டு, காசைத் தேடி அலைகிறார்கள். புலமைப்பரிசில் இருக்கா, நகையை அடகு வைக்கவா, மாமா கனடாவிலிருந்து அனுப்புவாரா என்று. அந்தத் தொகை உங்களிடம் கேட்கப்பட வேண்டிய தொகைதானா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. உங்கள் விடயத்தில் அது பிழையான தொகை. அதே படிப்புக்கு அதே பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கத்தில் உள்ளூர் மாணவருக்கு 13,000 என்று போட்டிருக்கிறது என நீங்களே இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த 13,000தான் உங்களுடையது.

எப்படி என்று சொல்கிறேன். இங்கிலாந்தில் யாரிடம் வெளிநாட்டுக் கட்டணம் வாங்கலாம், யாரிடம் வாங்கக்கூடாது என்பதைப் பல்கலைக்கழகம் தன் விருப்பத்துக்குத் தீர்மானிப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் கல்விக் கட்டண ஒழுங்குவிதிகள் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன் முதலாம் அட்டவணையில், கூடுதல் கட்டணம் வாங்கக்கூடாதவர்கள் யார் யார் என்று வகைவகையாக எழுதியிருக்கிறது. நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் ஒரு வகை. அவர்களுக்குப் படிப்புத் தொடங்கமுன் மூன்று வருசம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் தனி வகை. அவர்களுக்கு அந்த மூன்று வருசக் கணக்கு கிடையாது. பிரித்தானிய அரசு உங்களை அகதியாக ஏற்றிருக்க வேண்டும், ஏற்ற நாளிலிருந்து இந்த நாட்டை வாழிடமாகக் கொண்டிருக்க வேண்டும், படிப்பின் முதல் கல்வியாண்டு தொடங்கும் நாளில் இந்த இரண்டும் சரியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தஸ்துக் கிடைத்து ஒரு கிழமையானாலும் சரி, பத்து வருசமானாலும் சரி.

முகவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வகைக்குரிய விதியை எடுத்து உங்கள் தலையில் வைத்துவிட்டார். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மாணவர் முகவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தரகு கொடுப்பது வெளிநாட்டு மாணவர்களுக்கு. நீங்கள் உள்ளூர் மாணவியாக மாறினால் அவருக்கு வழமையாக அதில் ஒன்றும் இல்லை. அவர் கையில் இருப்பதும் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பப் படிவம்தான். அதை நிரப்பித்தான் அவருக்குப் பழக்கம். இனி நீங்களே நேரடியாகப் பல்கலைக்கழகத்தோடு பேசுங்கள்.

உங்கள் விண்ணப்பத்தின் பிரதியைப் பார்த்தேன். பிழை எங்கே நடந்தது என்று அதிலேயே தெரிகிறது. 'நாட்டுரிமை' என்ற இடத்தில் இலங்கை. அது சரிதான். 'நிரந்தர வதிவிட நாடு' என்ற இடத்திலும் இலங்கை. அது பிழை, நீங்கள் வசிப்பது இங்கே. அதற்குக் கீழே 'இந்த நாட்டில் உங்கள் குடிவரவு நிலை' என்று ஒரு கேள்வி. அதில் தெரிவுசெய்யும் பட்டியலில் 'அகதி' என்று ஒரு வரி இருந்தும், 'வேறு' என்பதைத் தட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டு கட்டங்களுக்கும் விலை 14,000 பவுண்.

இனிச் செய்ய வேண்டியது இது. பல்கலைக்கழகத்தில் கட்டண வகையைத் தீர்மானிக்க என்று ஒரு பகுதி இருக்கும், அனேகமாக அனுமதிப் பிரிவுக்குள்ளேயே. அவர்களுக்கு உங்கள் மாணவர் இலக்கத்தைத் தலைப்பில் போட்டு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீளக் கதை வேண்டாம். ஊரில் நடந்தது, படகு, தடுப்பு முகாம் ஒன்றும் எழுதத் தேவையில்லை. அது அவர்களுக்குரிய விடயமும் இல்லை. மூன்று வசனம் போதும். பிரித்தானிய அரசு என்னை இன்ன திகதியில் அகதியாக ஏற்றது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் வசிக்கிறேன். எனவே அகதிகளுக்கான வகையின் கீழ் என் கட்டண வகையை மறுபடி மதிப்பிட்டுத் தாருங்கள். அதோடு ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) அனுப்பிய அந்தஸ்துக் கடிதத்தின் பிரதி, முகவரிக்கு ஒரு ஆதாரம், ஈ-விசாவின் ஷெயார் கோட் (உங்கள் குடிவரவு நிலையை மற்றவர்கள் இணையத்தில் பார்க்க நீங்கள் கொடுக்கும் குறியீடு). கடைசியாகச் சொன்னதில் நிறையப் பேர் பிழைவிடுகிறார்கள். அரசின் இணையத்தளத்தில் ஷெயார் கோட் எடுக்கும்போது எதற்காக என்று கேட்கும். வேலைக்கு என்று தட்டினால் டபிள்யூ எழுத்தில் தொடங்கும் குறியீடு வரும், வாடகைக்கு என்றால் ஆர். இந்த இரண்டையும் பல்கலைக்கழகத்தால் பார்க்க முடியாது. 'வேறு தேவை' என்பதைத் தட்டுங்கள். எஸ் எழுத்தில் தொடங்கும் ஒன்பது எழுத்து-இலக்கக் குறியீடு வரும். 90 நாளைக்குச் செல்லும். அந்தக் குறியீட்டைக்கொண்டு உங்கள் பதிவைத் திறக்க அவர்களுக்கு உங்கள் பிறந்த திகதியும் தேவை, அதையும் எழுதிவிடுங்கள்.

முற்பணத்துக்குக் கொடுத்த 14 நாளை, கட்டண வகை தீரும்வரை நிறுத்திவைக்கும்படி அதே மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் யாரோ 'ஓம், பிரச்சினையில்லை' என்று சொன்னதைப் பிறகு காட்ட முடியாது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், பதிவு முடிந்த பிறகு கட்டண வகையை மாற்றித்தர மாட்டோம் என்று பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. சில வருசங்களுக்கு முன் ஒரு தம்பி என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். பிளாஸ்ரிக் உறைகளுக்குள் எல்லாக் கடதாசியும் ஒழுங்காக அடுக்கி, பெரிய ஃபைல் ஒன்று. முதல் உறையில் அகதி அந்தஸ்துக் கடிதம். இரண்டாவது உறையில் வெளிநாட்டு மாணவராக 4,000 பவுண் கட்டிய பற்றுச்சீட்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றோடொன்று பேசவில்லை. நல்லகாலம், வகுப்புத் தொடங்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஒன்பது நாளில் திருத்திக் கொடுத்தார்கள். அந்த 4,000 சீட்டெடுத்த காசு. கழிவாகப் போனதை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

திருச்சிப் பயணத்துக்குப் பயப்பட வேண்டாம். வாழிடம் என்பது வாசலைத் தாண்டாமல் இருப்பது இல்லை. வீடு, வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே இருக்க, அம்மாவைப் பார்க்க ஆறு கிழமை போய்வந்தது தற்காலிகப் பயணம்தான். அதனால் வாழிடம் முறியாது. அகதிப் பயணப் பத்திரத்தில் விழுந்த முத்திரைகளின் பிரதியை வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம்.

சரி, இப்போது 13,000. இதற்கு வழி இருக்கிறது. முதுமாணிப் படிப்புக்கு இங்கிலாந்து அரசு தரும் கடன் ஒன்று 2016இல் தொடங்கியது. அப்போது 10,000 பவுண். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2026 ஜூலை 31 வரை தொடங்கும் படிப்புகளுக்கு 12,858. உங்கள் தைமாதப் படிப்பு அதற்குள் வருகிறது. கணவரின் சம்பளம், வீட்டு வருமானம் ஒன்றும் பார்க்கமாட்டார்கள். அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு இதிலும் மூன்று வருச நிபந்தனை இல்லை. முதல் கல்வியாண்டின் முதல் நாளில் 60 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும்; உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. விண்ணப்பிக்க வேண்டியது அரசின் மாணவர் கடன் அலுவலகமான ஸ்ருடன்ற் ஃபைனான்ஸ் இங்கிலண்டுக்கு, இணையத்திலேயே.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் 'பட்டப்பின் டிப்ளோமா' என்று ஒரு சொல் விழுந்தபோது எனக்குத் திக்கென்றது. ஏற்கனவே முதுமாணியோ அதைவிட மேலானதோ வைத்திருப்பவருக்கு இந்தக் கடன் கிடையாது. அது எந்த நாட்டில் எடுத்தது, யாருடைய காசில் எடுத்தது என்பதெல்லாம் கணக்கில்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ எடுத்த முதுமாணியும் முதுமாணிதான். ஆனால் டிப்ளோமா வேறு; டிப்ளோமாவோ சான்றிதழ்ப் படிப்போ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். எனவே உங்கள் சான்றிதழை எடுத்து, அதில் டிப்ளோமா என்றுதான் எழுதியிருக்கிறதா, அதே படிப்பை நீட்டி முதுமாணிப் பட்டம் வாங்கவில்லையா என்று ஒருமுறை பாருங்கள். விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள். இதை வாசிக்கும் வேறு யாராவது ஊரில் முதுமாணி முடித்தவர் இருந்தால், 'இலங்கைச் சான்றிதழை இவர்கள் எங்கே தேடப்போகிறார்கள்' என்று சொல்லிக்கொடுக்கும் நண்பரை நம்பாதீர்கள். அனுமதிக்காகப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே அதைக் கொடுத்திருப்பீர்கள்.

தைமாதம் தொடங்குவது முழுமையான முதுமாணியாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பழைய டிப்ளோமாவின் புள்ளிகளைக் கழித்துக்கொண்டு பாதியிலிருந்து தொடங்கும் ஏற்பாட்டுக்கு இந்தக் கடன் இல்லை. 'உங்கள் டிப்ளோமாவுக்கு 60 புள்ளிகள் விலக்குத் தருகிறோம், கட்டணமும் குறையும்' என்று யாராவது சொன்னால் கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் மொத்தக் கடனும் போய்விடக்கூடும், கவனம்.

கடன் என்றதும் நம் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். திருப்பிக் கட்டும் முறையைச் சொல்கிறேன். வருசச் சம்பளம் 21,000 பவுணுக்கு மேலே போனால், மேலே போன தொகையில் மட்டும் 6 வீதம் பிடிப்பார்கள். 27,000 சம்பளம் என்றால் மேலதிகம் 6,000. அதில் 6 வீதம் 360. மாதம் 30 பவுண். சம்பளத்திலேயே கழிந்துவிடும், யாரும் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். படிப்பு முடிந்து அடுத்து வரும் சித்திரைக்குப் பிறகுதான் தொடங்கும். 30 வருசத்தில் மிச்சம் எதுவானாலும் தள்ளுபடி. வட்டி மலிவு என்று சொல்லமாட்டேன்: சில்லறை விலைச் சுட்டெண்ணோடு (விலைவாசி ஏறும் வீதத்தோடு) 3 வீதம், அதுவும் முதல் தவணை கைக்கு வந்த நாளிலிருந்து. ஆனாலும் மாதம் நீங்கள் கட்டும் தொகை வட்டியைப் பொறுத்து மாறாது, சம்பளத்தைப் பொறுத்துத்தான் மாறும். சீட்டை எடுத்துவிட்டால் வேலை போனாலும் மாதம் ஆயிரம் கட்டத்தான் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

உண்மையான சிக்கல் தொகையில் இல்லை, நாட்களில் இருக்கிறது. இந்தக் கடன் பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை. உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு கல்வியாண்டில் மூன்று தவணை: 33 வீதம், 33 வீதம், 34 வீதம். முதல் தவணையும் வகுப்புத் தொடங்கி, நீங்கள் பதிவுசெய்துவிட்டதாகப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்திய பிறகுதான் வரும். பல்கலைக்கழகமோ பதிவன்றே அரைவாசி கேட்கும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் கிரெடிற் காட்டையும் சீட்டையும் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவுக்கு எழுதி, முதுமாணிக் கடனில்தான் கட்டப்போகிறேன், கடன் தவணை வரும் நாட்களுக்கு ஏற்பக் கட்டணத் தவணையை வையுங்கள் என்று கேளுங்கள். கடன் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். ஆகவே கடனுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கட்டண வகை திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம், இரண்டும் தனித்தனி அலுவலகம். கடைசிக் கல்வியாண்டு தொடங்கி ஒன்பது மாதம்வரை விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் உங்களுக்குக் காசு தேவைப்படுவது தையில்.

காசு கைக்கு வந்ததும் அதைத் தனிக் கணக்கொன்றில் போடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 4,000 பவுண் ஒரே நாளில் கணக்கில் விழும்போது ஊரில் யாருக்காவது ஒரு அவசரம் வந்தே தீரும்.

இனி என் சொந்த அபிப்பிராயம்: முழுநேரமாக ஒரு வருசத்தில் முடிப்பதைவிட, பகுதிநேரமாக இரண்டு வருசத்தில் செய்யுங்கள். கட்டணம் வருசத்துக்கு 6,500 ஆகும். கடனும் இரண்டாகப் பிரிந்து வருசத்துக்கு 6,429 வரும். வருசம் 71 பவுண்தான் கையிலிருந்து போட வேண்டும். ஒரு வருசத்தில் செய்தால் மொத்தக் கடனும் கட்டணத்துக்கே போய்விடும். வீட்டு வாடகைக்கு வேலை செய்யவும் நேரம் இருக்காது. முதற் பட்டப் படிப்புக்குக் கொடுப்பதுபோல் பிள்ளை பராமரிப்பு மானியம் முதுமாணிக் கடன் எடுப்பவர்களுக்குக் கிடையாது. மகள் ரிசெப்ஷனுக்குப் போவதால் பகலில் உங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கிறது. மாணவர் விசாவில் வந்தவர்களைப்போல் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்ற கட்டுப்பாடும் உங்களுக்கு இல்லை. நீங்கள் எவ்வளவும் வேலை செய்யலாம். கெயர் ஹோமில் பாதி வேலையாவது வைத்திருங்கள். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: தைமாத நுழைவில் பகுதிநேரம் இருக்கிறதா என்பது. சில பாடங்களில் அது புரட்டாதியில் மட்டும்தான். அப்படியென்றால் புரட்டாதிவரை தள்ளிவைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் முடிவு உங்களுடையது. கடன் தொகை வருசத்துக்கு வருசம் மாறுவதால் அப்போது கணக்கைத் திரும்பப் போட வேண்டும். இன்னொன்று: முதற் பட்டப் படிப்புக்கு இருப்பதுபோல் முதுமாணிக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கவில்லை. தள்ளிவைத்தால் அந்தக் கால அவகாசத்தில் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் உள்ளூர்க் கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே பாடத்துக்கு ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருக்கும்.

யூனிவர்சல் கிரெடிற் பற்றி: முழுநேரமாகப் படித்தால், முதுமாணிக் கடனில் 30 வீதத்தை உங்கள் வருமானமாகக் கணக்கிடுவார்கள். கடன் கிடைக்கத் தகுதியிருந்தும் எடுக்காமல் விட்டாலும் எடுத்ததாகவே கணக்கு. எனவே எடுக்காமல் விடுவதில் இலாபம் ஒன்றும் இல்லை. எப்படிப் படித்தாலும் படிப்புத் தொடங்கும் கிழமையிலேயே உங்கள் இணையக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்; பிறகு கண்டுபிடித்து மொத்தமாகத் திருப்பிக் கேட்டால் தாங்கமாட்டீர்கள். கவுன்சில் வரியில் (வீட்டுக்கு உள்ளூராட்சி வாங்கும் வரி), முழுநேர மாணவியாக இருந்தால் வீட்டில் உங்களைக் கணக்கில் எடுக்காமல் கணவரை மட்டும் எண்ணி 25 வீதம் குறைப்பார்கள். பகுதிநேரத்துக்கு அது இல்லை. அதற்காகப் படிப்பு முறையை மாற்றுமளவுக்குப் பெரிய தொகையும் இல்லை.

புலமைப்பரிசில் பற்றிக் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். செவனிங் என்ற பிரித்தானிய அரசுப் புலமைப்பரிசிலை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருசம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. திரும்பிப் போக முடியாது என்று சொல்லித்தானே நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். பல்கலைக்கழகங்கள் 'சாங்ச்சுவரி' என்ற பெயரில் புகலிடம் தேடியவர்களுக்குக் கொடுக்கும் உதவி உண்மையாகவே நல்லது: கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, சில இடங்களில் வாழ்க்கைச் செலவும். ஆனால் அதில் பெரும்பகுதி அரசுக் கடன் எடுக்க முடியாதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. உங்களுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதால் இந்தக் கதவு பல இடங்களில் மூடியிருக்கும். சில பல்கலைக்கழகங்கள் அகதி அந்தஸ்து உள்ளவர்களையும் சேர்க்கின்றன. விண்ணப்பிக்கும் முன் தகுதிப் பந்தியை வாசியுங்கள். சிறிய அறக்கட்டளைகளின் உதவியைத் தேட ரேர்ன்-ரு-அஸ் இணையத்தளம் இருக்கிறது. மடிக்கணினிக்கும் பஸ் காசுக்கும் உதவும், கட்டணத்துக்குப் போதாது.

கணவர் விடயம் சுகம். நீங்கள் அசைலம் கேட்ட நாளில் அவர் ஏற்கனவே உங்கள் கணவராக இருந்தாரா என்பதுதான் ஒரே கேள்வி. அகதியின் துணைவர் என்ற வகையில் அவருக்கும் உள்ளூர்க் கட்டணம், அவருக்கும் கடன். திருமணச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் எடுத்து வையுங்கள். அசைலம் கேட்ட பிறகு நடந்த திருமணம் என்றால் இந்த வழி கிடையாது. உங்கள் மகளுக்கு நான்கு வயதென்பதால் அந்தப் பயம் இல்லை என்று நினைக்கிறேன்.

தம்பிக்குத்தான் கஷ்டம். முடிவு வராத அசைலம்காரர் இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவர்தான், அரசுக் கடனும் இல்லை. முடிவு எந்த நாளில் வருகிறது என்பதிலும் நிறையத் தங்கியிருக்கிறது. ஆகஸ்ட் முதல் டிசெம்பருக்குள் தொடங்கும் படிப்புக்குச் சட்டப்படி கல்வியாண்டின் முதல் நாள் செப்ரெம்பர் 1; ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்குவதற்கு ஜனவரி 1. வகுப்பு செப்ரெம்பர் 22இல் தொடங்கி, அந்தஸ்து செப்ரெம்பர் 10இல் கிடைத்தால், வகுப்புக்கு முன்னமே கிடைத்துவிட்டது என்று நாம் சந்தோசப்படுவோம். விதியின் கண்ணில் அவர் முதலாம் திகதியன்று இன்னும் காத்திருப்பவர். ஒரு வருசப் படிப்பில் அந்த ஒரு வருசமும் போய்விடும். அப்படி வந்தால் தைமாத நுழைவுக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்பதுதான் புத்தி.

அதற்காக அவர் சும்மா இருக்க வேண்டும் என்று இல்லை. அந்த 2007 விதி கூடுதல் கட்டணம் வாங்க அனுமதிக்கிறதே தவிர, வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அசைலம்காரரிடம் உள்ளூர்க் கட்டணம் மட்டும் வாங்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 1994இல் நொட்டிங்ஹாம் மாணவர்கள் தொடங்கிய ஸ்ரார் என்ற அமைப்பு இதற்காகவே பல வருசமாகப் பல்கலைக்கழகங்களோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது. ரெஃபியூஜி எடியுகேஷன் யூகே என்ற அமைப்பும் இப்படியான மாணவர்களுக்கு வழிகாட்டுகிறது. சாங்ச்சுவரி உதவிகள் அவருக்குத்தான் நேரே பொருந்தும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இடம் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து. முடிவுத் திகதிகளும் படிப்புத் தொடங்க மாதக்கணக்கு முன்னமே வந்துவிடும். உங்கள் தம்பி இப்போதே ஒரு கொப்பியில் திகதிகளை எழுதத் தொடங்கட்டும்.

அவருக்கு எதற்கும் விண்ணப்பிக்க முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். ஹோம் ஒஃபிஸ் அவருக்குக் கொடுத்த பெயில் கடதாசி (தடுப்பில் வைக்காமல் நிபந்தனையோடு வெளியே இருக்க விடுவது), பெயில் 201 என்று மேலே எழுதியிருக்கும், அதில் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக இருக்கும். வேலை செய்யக்கூடாது என்ற வரியை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். படிப்பு என்று ஒரு வரியும் இருக்கிறது. சிலருக்கு அனுமதி, சிலருக்குத் தடை. தடை என்றிருந்தால் சொலிசிட்டர் மூலம் அதை நீக்கக் கேட்கலாம். அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.